டோல்னி வியெஸ்டோனிட்சேவில் வெடித்த பொம்மைகள்

'களிமண் சிலை முப்பதாயிரம் வருடம் மண்ணுக்குள் கரையாமல் கிடக்குமா? காதில் பூச்சுற்றாதீர்கள்' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான சந்தேகம்தான். அவர் கேட்பது 1925இல் கிடைத்த ஒரு பெண் சிலையைப் பற்றி. அது கிடைத்த ஊரிலிருந்தே தொடங்கலாம்.

செக் குடியரசின் தெற்கு மொராவியாவில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, பாலவா என்ற சுண்ணாம்புக்கல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது டோல்னி வியெஸ்டோனிட்சே. சில நூறு பேர் வாழும் ஊர், சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். இரண்டாம் உலகப்போர் வரை இங்கே ஜெர்மன் பேசியவர்களே அதிகம்; போர் முடிந்ததும் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். அப்புறம் டியே ஆற்றை மறித்து நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். பக்கத்து ஊரான முஷோவ் மூழ்கியது. அதன் தேவாலயம் மட்டும் இன்று ஏரி நடுவே ஒரு தீவில் நிற்கிறது.

ஊரின் அசல் சொத்து மண். பனியுகத்தில் காற்று அள்ளிவந்து மலைச்சரிவில் கொட்டிய நுண்மண், லோயஸ் என்பார்கள். சுண்ணாம்பு கலந்தது என்பதால் எலும்பை எளிதில் அரிக்கவிடாது. மாமத் யானைகளின் எலும்புகள் இங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. தொல்லியலாளர் கரேல் அப்சலோன் தலைமையில் நடந்த அகழாய்வில், 1925 ஜூலை 13 அன்று, சாம்பல் அடுக்கு ஒன்றிலிருந்து 11 சென்டிமீட்டர் உயரப் பெண் சிலை இரண்டு துண்டாக வெளியே வந்தது. மனிதன் சட்டிபானை சுடக் கற்றதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தைய சுடுமண்!

சரி, ஏன் கரையவில்லை? சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்கிறோமே, பதில் அதிலேயே இருக்கிறது. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் வழுக்கும், வனைய வரும், காயப்போட்டால் இறுகும். திரும்ப நனைத்தால் பழையபடி சேறுதான். ஆனால் தகட்டின் உடம்புக்குள்ளேயே ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) வடிவில் இன்னொரு நீரும் பூட்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டினால் அதுவும் ஆவியாகிவிடும். அதோடு தகட்டின் கட்டமைப்பே குலைந்துவிடுவதால், பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது சேறாகாது. வியெஸ்டோனிட்சே சூளைகள் எட்டிய வெப்பம் 500 முதல் 800 டிகிரி வரை. போதும்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு மேல்தான். அந்தச் சிலையோடு சிங்கம், கரடி, காண்டாமிருகம் என்று குட்டிக் குட்டி உருவங்களும் கிடைத்தன. பெரும்பாலும் முழுசாக இல்லை. தனித் தலை, தனிக் கால். பமேலா வேண்டிவர், ஓல்கா சோஃபர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு உடைந்த இடங்களின் பரப்பைக் கூர்ந்து பார்த்தது. பல துண்டுகள் கீழே விழுந்து உடைந்தவை அல்ல, நெருப்பில் வெடித்தவை. நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். ஈரம் காயாத பொம்மையைத் தணலில் போட்டால் வெளித்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே ஆவி வழி தேடும், கடைசியில் பட்டென்று தெறிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொம்மைகளைச் செய்ய எடுத்தது அந்த ஊர் லோயஸ்தான்; அது சுலபத்தில் வெடிக்கிற மண்ணே அல்ல. துகள்கள் கொஞ்சம் பருமனானவை, இடைவெளி அதிகம், ஆவி கசிந்து போய்விடும். அப்படியிருந்தும் இத்தனை வெடித்திருக்கின்றன என்றால், வேண்டுமென்றேதான் ஈரத்தோடு போட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் குழுவின் வாதம்.

உடனே 'சடங்கு' என்று முத்திரை குத்துவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காரணம் புரியாத எதையும் சடங்குக் கணக்கில் எழுதிவிடுவது தொல்லியலின் பழைய சோம்பேறித்தனம். சத்தமும் பொறியும் பறக்கும் வேடிக்கைக்காகவே செய்திருக்கக் கூடாதா என்ன? பெண் சிலையின் மேல் சுடுவதற்கு முன்பே பதிந்துவிட்ட ஒரு விரல் ரேகை இருக்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் அது ஒரு சிறு பிள்ளையுடையது என்கிறார்கள். சூளைப் பக்கம் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு ஆதங்கம். சிலை கிடைத்தது 1925இல். உடைசல்கள் வெடித்தவை என்று சொல்லும் கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வந்தது 1989இல். தோண்டுவதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கும். தோண்டியதை உட்கார்ந்து பார்க்கக் கொடுக்க இருக்காது. இதற்கிடையே 1945இல் பக்கத்து நகரமான மிகுலோவின் கோட்டை எரிந்தபோது, அங்கே வைத்திருந்த வியெஸ்டோனிட்சே பொருட்களில் பெரும்பங்கு அழிந்தது. பெண் சிலை அப்போது வேறிடத்தில் இருந்ததால் தப்பியது.