பழைய பிளாக்கில் டயாலிசிஸ் பிரிவா? டைல்ஸ் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்

மருத்துவமனை வளாகத்தில் ஒரு பழைய பிளாக் காலியாகிறது. நர்ஸிங் விடுதி புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மறு வாரமே அங்கே டயாலிசிஸ் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, புற்றுநோய்ப் பரிசோதனை மையம் என்று திட்டங்கள் வரிசைகட்டும். தேவை நியாயமானது, இடமும் இருக்கிறது. ஆனால் எங்களை அழைக்கும் முதல் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், முகப்பு இவற்றைச் சுற்றியே ஓடும். கட்டமைப்புப் பொறியாளனாக நான் முதலில் கேட்பது வேறு: தண்ணீர்த் தொட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

டயாலிசிஸ் இயந்திரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 மில்லி கரைசல் ஓடும். 4 மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். 10 இயந்திரம், நாளுக்கு 3 ஷிஃப்ட் என்றால் 3,600 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். ஆர்.ஓ. கழித்துத் தள்ளுவதையும் இயந்திரங்களைக் கழுவுவதையும் சேர்த்தால் இதைப் போல இரு மடங்குகூட ஆகலாம். எல்லாரும் கைகாட்டும் இடம் மொட்டை மாடி. தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் ஏறுகிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். குடியிருப்பு அறைக்கும் வார்டுக்கும் 200, ஆபரேஷன் தியேட்டருக்கும் எக்ஸ்ரே அறைக்கும் 300. ஆக, விடுதி அறையில் கட்டில் போட்டு வார்டாக்குவது பெரும்பாலும் தாங்கும். அதே அறை தியேட்டராகவோ பழைய கேஸ்ஷீட் அடுக்கும் அறையாகவோ ஆகும்போது கணக்கு மாறிவிடுகிறது. எந்தத் துறை எந்த மாடியில் என்பதை டீன் அறையில் முடிவு செய்துவிட்டு எங்களிடம் வருகிறார்கள். அந்த முடிவைக் கட்டடத்தைச் சோதித்த பிறகு எடுத்தால் பாதிச் செலவு மிச்சமாகும் என்பது என் அனுபவம்.

சோதனை என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே பொள்ளலாக இருக்கும் இடம் சத்தத்தில் தெரிந்துவிடும். பிறகு பில்லரில் ஒரு சின்னத் துண்டைப் பெயர்த்து, அந்தப் புதுப் பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் தெளிப்போம். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம்தான். கான்கிரீட்டில் காரத்தன்மை இருந்தால் ரோஸ் நிறம் வரும், காற்றிலுள்ள கரியமில வாயு ஊறிப் போயிருந்தால் நிறமே வராது. கடலோரம் இருந்த ஒரு விடுதிக் கட்டடத்தில், கம்பியையும் தாண்டி இரண்டு விரற்கடை உள்ளே போன பிறகுதான் ரோஸ் நிறம் கண்ணில் பட்டது. கம்பிக்கு இருந்த காப்பு எப்போதோ போய்விட்டது என்று அர்த்தம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்தப் பில்லரின் மேல் போன வருடம்தான் பூசி, புது பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். சுரண்டிவிட்டுப் பூசுவது பழுதுபார்ப்பு ஆகாது. முதலில் முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்பக்கம்வரை குடைந்து, துருவை எடுத்து, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, மைக்ரோ கான்கிரீட் (சந்துகளில் தானே பாய்ந்து நிரம்பும் பொடிஜல்லிக் கான்கிரீட்) ஊற்ற வேண்டும். எஸ்டிமேட்டில் இதற்கு இடம் விடாமல் டெண்டர் போனால், ஒப்பந்ததாரர் பூச்சு வேலையோடு முடித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘மேலே இன்னும் ஒரு மாடி போட்டுக்கொள்ளலாமா’ என்பது தவறாமல் வரும் கேள்வி. சென்னை 2002 வரை நிலநடுக்க வரைபடத்தில் 2-ஆம் மண்டலத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதியின் திருத்தத்தில், ஆபத்து ஒரு படி அதிகமான 3-ஆம் மண்டலத்துக்கு வந்தது. மருத்துவமனை என்பதால் நிலநடுக்க விசையை ஒன்றரை மடங்காக எடுத்துக் கணக்கிட வேண்டும். 1970-களின் பிளாக்குக்கு இந்தக் கணக்கில் பாஸ் மார்க் கிடைப்பதே அரிது.

இன்னும் பழைய வளாகங்களில் மெட்ராஸ் டெரஸ் கூரை உண்டு. தேக்கு விட்டங்களின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் மூலைவாட்டாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. பராமரித்தால் நன்றாகவே நிற்கும். பிரச்சினை வருவது விட்டம் சுவருக்குள் நுழையும் முனையில்: மேலே ஒழுகினால் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். இப்படிப்பட்ட கட்டடத்தைப் புறநோயாளிப் பிரிவுக்கும் ஆலோசனை அறைகளுக்கும் வகுப்புகளுக்கும் கொடுங்கள். தண்ணீர் புழங்கும் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

வேலை தொடங்கினால் தூசு. வீட்டில் அது தும்மலோடு போகும். பக்கத்து வார்டில் கீமோ எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பவருக்கு அப்படியல்ல. பழைய சீலிங்கையும் ஈரச்சுவரையும் இடிக்கும்போது ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் கிளம்பும். 2, 3 மைக்ரான் அளவுதான், நேராக நுரையீரலுக்குள் இறங்கும். பச்சை வலை கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. தரையிலிருந்து மேல்தளம்வரை பாலித்தீன் தடுப்பு, உள்காற்றை இழுத்து ஹெப்பா வடிகட்டி (நுண்தூசியையும் பிடித்துவிடும் வடிகட்டி) வழியே வெளியேற்றும் விசிறி, இடிபாட்டுக்குத் தனி வழி ஆகியவை வேண்டும். சாப்பாட்டு டிராலி போகும் லிஃப்ட்டில் இடிசல் மூட்டை ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்; வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும்.

ஆக்ஸிஜன் குழாய், ஏ.சி. குழாய், கேபிள் என்று ஸ்லாபில் போடும் ஒவ்வொரு துளையும் புகைபோக்கிதான். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தரைக்குக் கீழுள்ள தளத்தில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறிச் சுமார் 90 பேர் இறந்தார்கள். குழாய் போட்டதும் துளையைச் சுற்றித் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு யாரும் ஏணி போட்டு ஏறிப் பார்க்கப் போவதில்லை. பிளம்பர் வழி கிடைக்காமல் பீமில் கம்பியை அறுத்திருந்தாலும் அந்தப் படத்தில்தான் சிக்கும்.

சாவியை ஒப்படைக்கும்போது நான் ஒன்று கேட்பது வழக்கம்: ஒவ்வொரு மாடியிலும் ‘இங்கே சதுர மீட்டருக்கு இத்தனை கிலோதான்’ என்று ஒரு சின்னப் பலகை. அடுத்து வரும் கண்காணிப்பாளர் காம்பாக்டர் அலமாரி (தண்டவாளத்தில் நகர்த்தி நெருக்கி அடுக்கும் கனமான அலமாரி) வாங்கும் முன் அதைப் பார்க்கட்டும் என்பதற்காக. ‘நோயாளிகள் பயந்துவிடுவார்கள் சார்’ என்று சில இடங்களில் மறுத்தார்கள். அங்கெல்லாம் மின்பலகை அறைக் கதவின் உட்புறம் மாட்டச் சொன்னேன். ஸ்டோர் கீப்பரிடம் ஒரு நகலும் கொடுத்துவிட்டேன்.