இஎம்ஐ மாறவில்லை, கடன் மட்டும் நீண்டுவிட்டது

2023 மே மாதம். திருச்சியில் என் அலுவலகத்துக்கு ஒரு ஆசிரியரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கல்விக் கடன் வாங்கலாமா என்று கேட்கத்தான் வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக் கடன் ஸ்டேட்மென்டையும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அதன் கடைசி வரியில் இப்படி இருந்தது: தவணை 23,259 ரூபாய். வட்டி 23,186. அசலில் கழிந்தது 73 ரூபாய்.

அந்த அம்மா 73 மேல் விரலை வைத்து, "சார், இதில் ஏதாவது பூஜ்யம் விட்டுப்போச்சா?" என்று கேட்டார். எதுவும் விட்டுப்போகவில்லை. மாதம் 23 ஆயிரத்துக்கு மேல் கட்டியும் கடன் 73 ரூபாய்தான் குறைந்திருந்தது.

22 வருடம் வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கடன் வாங்கியவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இதே மாதிரி ஸ்டேட்மென்டுகளை எத்தனையோ பேர் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானோர் சொன்னது ஒன்றுதான்: "வட்டி ஏறுதுன்னு டிவியில சொன்னாங்க. ஆனா எனக்கு இஎம்ஐ மாறலையே!"

நடந்தது இதுதான். ஆசிரியர் 2021 அக்டோபரில் 30 லட்சம் கடன் வாங்கினார், 20 வருடத்துக்கு. அப்போது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது அது வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதம். அதன் மேல் வங்கி 3 சதவீதம் சேர்த்து, 7 சதவீத வட்டி போட்டது. அந்த 3 சதவீதத்துக்கு ஸ்ப்ரெட் என்று பெயர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கியது. ஒன்பது மாதத்தில் ஆறு முறை ஏற்றினார்கள். 2023 பிப்ரவரியில் அது 6.50க்கு வந்து நின்றது. ஆசிரியரின் வட்டியும் படிப்படியாக 9.5 ஆனது.

வட்டி ஏறினால் இரண்டில் ஒன்று மாற வேண்டும்: ஒன்று இஎம்ஐ, இல்லையென்றால் கடன் காலம். இவர் விஷயத்தில் வங்கியின் கம்ப்யூட்டர் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கிறது. இவருக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார். சம்பளக் கணக்கிலிருந்து ஒவ்வொரு 5ஆம் தேதியும் அதே 23,259 போய்க்கொண்டிருந்ததால் சந்தேகம் வரவும் வழியில்லை.

அதே தவணை, அதே 9.5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடன் முடிய இன்னும் 731 மாதம் ஆகும். அவருக்கு அப்போது வயது 44. கடன் முடியும்போது 105 தாண்டியிருக்கும். எந்த வங்கியும் அவ்வளவு தூரம் விடாது. ஓய்வு வயதையோ 30 வருட வரம்பையோ காட்டி ஒரு நாள் இஎம்ஐயை ஏற்றித்தான் தீரும். அதுவரை கட்டுகிற பணமெல்லாம் வட்டிக்கே போயிருக்கும். அதனால்தான் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: இஎம்ஐ எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், பாக்கி எத்தனை மாதம் என்று பாருங்கள்.

அன்றைக்கு அவர்கள் முன்னால் இரண்டு வழிகளை வைத்தேன். கடனை மொத்தம் 30 வருடமாக்கினால் இஎம்ஐ சுமார் 24,860. மாதம் 1,600 கூட, அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கும். பழையபடி 20 வருடத்திலேயே முடிக்க வேண்டுமென்றால் 28,060 கட்ட வேண்டும், அதாவது மாதம் 4,800 கூட. முதல் வழியில் அதற்குப் பிறகு கட்டும் மொத்தத் தொகை சுமார் 85 லட்சம். இரண்டாவதில் 62 லட்சம். இடையில் இருக்கும் 23 லட்சம், இன்னொரு மனை வாங்குகிற பணம்.

ஆசிரியர் யோசித்தார். முடிவெடுத்தது அவர் மனைவிதான். "அடுத்த மாசம் என் 5,000 ரூபாய்ச் சீட்டு முடியுது. அதை இங்க திருப்பிடுங்க" என்றார். கிளைக்குப் போய்க் கேட்டபோது, சிஸ்டம் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் முதலில் பதில் வந்தது. எழுதிக் கொடுத்த பிறகுதான் இஎம்ஐயை மாற்றினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கி இதற்காகவே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். அதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பாக்கித் தவணை எத்தனை, வட்டி விகிதம் என்ன என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை புரியும்படி ஸ்டேட்மென்ட் தர வேண்டும். எவ்வளவுதான் காலத்தை நீட்டினாலும், கட்டுகிற தவணை அந்த மாத வட்டிக்கே போதாமல் கடன் வளர்கிற நிலை வரக் கூடாது. ஏற்கெனவே கடன் வாங்கியவர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். உங்களுக்கு அந்த ஸ்டேட்மென்ட் வருகிறதா? இல்லையென்றால் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சரி, இப்போது காற்று மாறி அடிக்கிறது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கிய ரெப்போ, டிசம்பரில் 5.25க்கு வந்துவிட்டது. மொத்தம் 1.25 சதவீதம் குறைவு. இப்போது வருகிறவர்கள் கேட்பது, "சார், இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லட்டுமா?"

வீட்டில் மருத்துவச் செலவு, வேலை போய்விட்டது என்று கையைக் கடிக்கிற நிலைமை இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. மற்றபடி இஎம்ஐயைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஆசிரியரின் 2026 ஜனவரிக் கணக்கையே பாருங்கள். வட்டி 8.25 ஆகிவிட்டது. 28,060 தவணையில் வட்டிக்கு 18,770 போக, 9,290 ரூபாய் அசலில் கழிகிறது. இதே தவணையைக் கட்டிவந்தால் பாக்கி 161 மாதம். 20 வருடத்தில் முடிக்கும் பழைய கணக்குப்படி 189 மாதம் இருந்திருக்கும். இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டால் மாதம் 2,200 ரூபாய் கையில் மிஞ்சும். ஆனால் 28 மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மொத்தத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

இதெல்லாம் வட்டிக் குறைப்பு உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தால்தான். பலருக்கு வரவே இல்லை. காரணம், அவர்கள் கடன் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் (வட்டி மாறிக்கொண்டே இருக்கும்) வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். அதற்கு முன்னால் வாங்கியவர்கள் எம்.சி.எல்.ஆர். என்ற பழைய முறையிலோ, அதற்கும் பழைய பேஸ் ரேட்டிலோ இருக்கலாம். அங்கே ஏற்றம் வேகமாக வரும், இறக்கம் ஆமை வேகத்தில் வரும் என்பது என் அனுபவம். ரெப்போவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கட்டணம் கேட்டாலும் பெரும்பாலும் அது சில மாதத்திலேயே திரும்பி வந்துவிடும்.

வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த ரெப்போ கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் சொந்த விகிதத்தை வைத்துத்தான் வட்டி போடுகிறார்கள். பஞ்சாயத்து அப்ரூவல் மனை, ஐ.டி. ரிட்டர்ன் இல்லாத சொந்தத் தொழில் என்று வங்கிகள் தயங்குகிற இடத்தில் அவர்கள்தான் கடன் தருகிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டு மூன்று வருடம் தவறாமல் கட்டி, ரிட்டர்னும் தாக்கல் செய்து, சிபில் ஸ்கோரும் நன்றாக இருந்தால், அதே வட்டியில் கிடக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஸ்ப்ரெட். ஆசிரியருக்கு 3 சதவீதம். அதே கிளையில் 2026 ஜனவரியில் புதிதாக விசாரித்தவருக்கு 7.5 சதவீதத்தில் கடன் தருவதாகச் சொன்னார்கள். ரெப்போ இருவருக்கும் ஒன்றுதான். நாலு வருடமாக ஒரு தவணை தவறாமல் கட்டியவர் முக்கால் சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒழுங்காகக் கட்டுகிறவர் கேட்டால்தான் குறையும் என்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் கேட்டால் குறையும். முன்பு மூன்று வருடம் ஆகவில்லை என்று தட்டிக்கழிக்க முடிந்தது. 2025 அக்டோபர் 1 முதல், மூன்று வருடத்துக்கு முன்பாகவே ஸ்ப்ரெட்டைக் குறைத்துத் தர ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. இவருடைய பாக்கி 27 லட்சத்தில் முக்கால் சதவீதம் என்றால் முதல் வருடமே சுமார் 20,000 ரூபாய்.

கேட்டும் குறைக்கவில்லை என்றால் வேறு வங்கிக்கு மாற்றலாம். அதில் அவசரப்படாதீர்கள். ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்க முடியாது என்பது 2012 முதலே விதி. ஆனால் புது வங்கியின் பிராசசிங் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய எம்.ஓ.டி.யை (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான பதிவை) ரசீது போட்டு முடித்து, புதிதாக ஒன்று பதிவது என்று செலவு வரிசையாக வரும். அரை சதவீதமாவது வித்தியாசமும் பத்து வருடமாவது பாக்கியும் இருந்தால் யோசிக்கலாம். புது வங்கி "டாப்-அப் சேர்த்து வாங்கிக்கோங்க" என்று சொல்லும். வட்டியைக் குறைக்கப் போனவர் கடனைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது.

போனஸ், அரியர், சீட்டுப் பணம் வந்தால் பார்ட் பேமென்ட் கட்டுங்கள், அதாவது தவணைக்கு மேல் அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடையுங்கள். ஆசிரியர் இப்போது ஒரு லட்சம் கட்டினால் பத்துத் தவணைக்கு மேல் குறைகிறது, அதாவது 2.8 லட்சத்துக்கு மேல் கட்டாமல் தப்பிக்கிறார். கட்டிய மறுநாள் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். சில இடங்களில் அசலில் கழிக்காமல் முன்பணத் தவணையாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பலன் போய்விடும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இல்லாதவர்கள் முதலில் அதைச் சேருங்கள். கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் இருந்தால் அவற்றை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

எதைக் கேட்பதானாலும் வாயால் கேட்காதீர்கள். வெள்ளைத் தாளில் நாலு வரி போதும்:

"மேலாளர் அவர்களுக்கு, என் வீட்டுக் கடன் கணக்கு எண் இது. என் கடன் எந்த அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளது, ஸ்ப்ரெட் எவ்வளவு, பாக்கித் தவணை எத்தனை என்று எழுத்தில் தெரிவிக்கவும். இப்போதுள்ள புதிய வாடிக்கையாளர்களுக்குத் தரும் ஸ்ப்ரெட்டை எனக்கும் தரக் கோருகிறேன். இஎம்ஐயை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைத்து, திருத்திய தவணை அட்டவணை தரவும்."

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அந்தச் சீல் போட்ட நகலை வைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.