சும்மா இருக்கும் அந்த மூன்றாவது ஒயர்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருந்தார். "அண்ணாச்சி, ரிமோட்ல ஓடுற என் ஆர்சி காருக்கு மூணு மாசத்துல ரெண்டு ஈஎஸ்சி, அதான் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி, எரிஞ்சு போச்சு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. 60 ஆம்பியர் தாராளமா போதும்னுதான் வாங்கினேன். ஆச்சி கண்ணு பட்டிருக்குன்னு எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லுதாவ. என்ன காரணமா இருக்கும்?" மோட்டார் 3,500 கேவி, நான்கு துருவம், சென்சார் இல்லாதது. 2எஸ், அதாவது இரண்டு செல் தொடராக இணைத்த 7.4 வோல்ட் பேட்டரியில் நன்றாக ஓடியிருக்கிறது. மூன்று செல் உள்ள 3எஸ் பேட்டரிக்கு மாறி, கூடவே பெரிய பினியனும் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) போட்ட பிறகுதான் வினை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் இருப்பது பிரஷ்லெஸ் மோட்டார். இதில் காயில் அசையாது, உள்ளே இருக்கும் காந்தம்தான் சுற்றும். வெளியே மூன்று ஒயர் வரும். ஒரு ஒயரில் மின்சாரம் உள்ளே போய் இன்னொன்றில் வெளியே வரும், காந்தம் கொஞ்சம் திரும்பியதும் ஜோடி மாறும். இந்த மாற்றலைச் செய்வதுதான் ஈஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்படுத்தி. உள்ளே மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள், வேறொன்றும் பெரிதாக இல்லை. கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 7.4 வோல்ட்டில் 3,500 கேவி மோட்டார் 25,900 சுற்று.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இரண்டு ஒயர் வேலை செய்யும்போது மூன்றாவது ஒயர் என்ன செய்கிறது? மின்சாரம் எதுவும் கொடுக்காமல் ஈஎஸ்சி அதைச் சும்மா விட்டிருக்கிறது. ஆனால் காந்தம் அந்தக் காயிலையும் கடந்துதானே போகிறது? காயிலைக் காந்தம் கடந்தால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1831இல் ஃபாரடே கண்டது, பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் படித்தது. அதாவது ஓடுகிற மோட்டார் அதே நேரத்தில் ஒரு டைனமோவும்கூட. ஈஎஸ்சி அந்தச் சும்மா இருக்கும் ஒயரில் பிறக்கும் மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அது நடுப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் காந்தம் சரியாகப் பாதி வழியில் இருக்கிறது என்று அர்த்தம். பாதி வழிக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு நேரம் பொறுத்து அடுத்த ஜோடிக்கு மாற்றிவிடும். கண் கிடையாது, சென்சார் கிடையாது, ஓய்வில் இருக்கும் ஒரு காயிலின் துடிப்பை வைத்தே காந்தம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறது. 25,000 சுற்றில் ஓடும் நான்கு துருவ மோட்டாரில் இது நொடிக்கு 5,000 முறை நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். மோட்டாரை ஈஎஸ்சியிலிருந்து கழற்றி, தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். அப்புறம் மூன்று ஒயரின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல இழுக்கும். நீங்கள் உண்டாக்கிய மின்சாரமே உங்களைத் தடுக்கிறது.

சுற்றும் காந்தம் காயிலில் பிறப்பிக்கும் மின்னழுத்தம் பேட்டரியை எதிர்த்து நிற்கும், அதனால் அதற்கு எதிர் மின்னழுத்தம் என்று பெயர். அது ஈஎஸ்சிக்கு வழிகாட்டி மட்டுமில்லை, காவலும் அதுதான். வயலில் பம்ப்செட் போடும்போது வீட்டு பல்பு ஒரு நொடி மங்கி மறுபடி பிரகாசமாவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றுகிடக்கும் மோட்டார் ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், அதனால்தான் பெரிய மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறோம். அது வேறு வகை மோட்டார்தான், ஆனாலும் விஷயம் ஏறக்குறைய இதேதான்.

ஒரு கணக்கு போடுவோம். பேட்டரி, ஒயர், மாஸ்ஃபெட், காயில் எல்லாம் சேர்த்து மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 சுற்றில் ஓடும்போது எதிர் மின்னழுத்தம் 20,000 வகுத்தல் 3,500, அதாவது 5.7 வோல்ட். பேட்டரியின் 7.4இல் அது போக மிச்சம் 1.7 வோல்ட்தான், மின்சாரம் 85 ஆம்பியர். நின்ற நிலையில் எதிர் மின்னழுத்தம் பூஜ்யம், முழு 7.4 வோல்ட்டும் 0.02 ஓமில் விழுகிறது, 370 ஆம்பியர்! வெப்பமோ மின்சாரத்தின் இருமடியில் ஏறும், ஆகவே சுமார் 19 மடங்கு. ஈஎஸ்சி மின்னழுத்தத்தை நறுக்கி நறுக்கிக் கொடுத்து இதை மட்டுப்படுத்தப் பார்க்கும். ஆனாலும் அந்த ஆபத்தான குறைவேகப் பகுதியில் மோட்டார் எவ்வளவு நேரம் கிடந்து திணறுகிறது என்பதுதான் ஈஎஸ்சியின் ஆயுளை முடிவு செய்கிறது. 60 ஆம்பியர் என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இது பிடிபடாது.

தம்பி செய்த இரண்டு மாற்றமும் இங்கேதான் வந்து சேர்கின்றன. 3எஸ் என்றால் 11.1 வோல்ட், நின்ற நிலைக் கணக்கு 555 ஆம்பியராகிறது. பெரிய பினியன் போட்டால் மோட்டாருக்குக் கார் இன்னும் கனமாகத் தெரியும், வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதற்கு மேல், உச்ச வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி சுமார் 3.4 மடங்கு. நம்ம ஊர் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயில் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் செம்பின் மின்தடை 27 சதவீதம் ஏறிவிடும், சூடு சூட்டை வளர்க்கும். ஈஎஸ்சி அட்டையில் 2எஸ், 3எஸ் இரண்டும் போட்டிருக்கும், உண்மைதான். ஆனால் 3எஸ்ஸுக்கு அனுமதிக்கும் கேவி குறைவு என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

ஆச்சியின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கண்திருஷ்டியால் மாஸ்ஃபெட் எரியாது. திருஷ்டி என்று சொல்லிவிட்டால் தேடுவது அங்கேயே நின்றுவிடும், அப்புறம் மூன்றாவது ஈஎஸ்சியும் எரியும். அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த மோட்டாரின் காந்தம் நியோடிமியம். அந்தத் தனிமம் இருக்கிற மோனசைட் என்ற கனிமம், இங்கிருந்து பக்கத்திலேயே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. காந்தமோ பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. மணலிலிருந்து காந்தம் வரை நடுவில் இருக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் போடாமல், மின்சார வாகனம் பற்றி மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மணலை எடுப்பதென்றால் கடற்கரை மக்களின் பாதுகாப்பு முதலில், அதற்கான ஆராய்ச்சியும் அந்தப் பணத்திலேயே அடங்க வேண்டும்.

கார் புறப்படும்போது திக்கித் திக்கி நடுங்குகிறதே, அதற்கும் காரணம் அந்த மூன்றாவது ஒயர்தான். நின்ற மோட்டாரில் துடிப்பு இல்லை, ஈஎஸ்சி குத்துமதிப்பாகத்தான் முதல் தள்ளு தள்ளும். சென்சார் உள்ள மோட்டாரில் காந்தம் நிற்கும் இடத்தை ஹால் சென்சார்கள் சொல்லிவிடும், அதனால் புறப்பாடு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு எச்சரிக்கை: சென்சார் இல்லாததில் எந்த இரண்டு ஒயரை மாற்றினாலும் திசைதான் மாறும். சென்சார் உள்ளதில் ஏ, பி, சி வரிசை மாறவே கூடாது.

தம்பி, உங்களுக்கு 3எஸ்தான் வேண்டுமென்றால் 2,300 கேவி பக்கம் ஒரு மோட்டார் பாருங்கள், பழைய சுற்று வேகமே குறைந்த மின்சாரத்தில் கிடைக்கும். இல்லையென்றால் 2எஸ்ஸுக்கே திரும்பி, பழைய பினியனை மாட்டுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஈஎஸ்சியையும் மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியவில்லையா, பினியனில் ஒரு பல் குறைத்துவிட்டு, ஆறியதும் மறுபடி இரண்டு நிமிடம்.