கடிவாளம் கண்ணில் கட்டுவதல்ல

"கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி அக்கம்பக்கம் பார்க்காமல் ஓடுகிறார்." மேடைப் பேச்சு, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று எங்கே பார்த்தாலும் இந்த உவமை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடிவாளம் எந்தக் குதிரையின் பார்வையையும் மறைப்பதில்லை. அது வாயில் கிடப்பது.

சொல்லிலேயே 'கடி' இருக்கிறது. கன்னடத்தில் கடிவாண, மலையாளத்தில் கடிஞ்ஞாண். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லில்லாத இடைவெளி உண்டு. அங்கே கிடக்கும் இரும்பும் அதைத் தாங்கும் தலைவாரும் சேர்ந்ததுதான் கடிவாளம். அதிலிருந்து ஓட்டுபவர் கைக்கு வருவது கடிவாள வார். லகான் என்றாலும் சரி, பாரசீகத்து லகாம் தமிழில் ஊறிப்போய் வெகுகாலம் ஆகிறது.

பார்வையை மறைப்பது கண்பட்டை. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் பின்னால் தவிர ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். பின்னால் சுழலும் சக்கரத்தையும் ஓங்கும் சாட்டையையும் பார்த்து மிரளாமல் இருக்கத்தான் வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் இரண்டு தோல் மடல்கள் வைக்கிறார்கள். அவை தலைவாரிலேயே கோக்கப்பட்டிருப்பதால் மொத்தத்தையும் கடிவாளம் என்று சொல்லிவிட்டார்கள் போல. சிலர் 'கண்மூடி' என்கிறார்கள், அதுவும் எனக்கு ஒப்பவில்லை: கண் மூடப்படவே இல்லையே, முன்னால் வழி நன்றாகத் தெரிகிறதே! போதாததற்குக் 'கண்மூடித்தனம்' வேறு வந்து ஒட்டிக்கொள்ளும்.

வழக்கில் வந்துவிட்டது, விட்டுவிடலாமே என்பார்கள். எப்படி விடுவது? 'விலைவாசிக்குக் கடிவாளம் போட வேண்டும்' என்று சரியாக எழுதுகிறவரே அடுத்த பத்தியில் 'கடிவாளம் போட்ட பார்வை' என்கிறார். முன்னதில் அடக்குவது, பின்னதில் மறைப்பது. ஒரே சொல் இரண்டையும் சுமந்தால், வண்டிக்காரர் கடிவாளத்தைக் கழற்றினார் என்று ஒரு கதையில் வரும்போது குதிரைக்குக் கண் தெரிந்ததா, இல்லை குதிரை கையை மீறியதா என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதில் ஆங்கிலமும் நாட்டுக்கு நாடு மாறுவதால் மொழிபெயர்ப்பவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். கண்பட்டையைப் பிரிட்டனில் பிளிங்கர்ஸ் என்பார்கள், அங்கேயே வண்டி ஓட்டுபவர்கள் விங்கர்ஸ் என்பார்கள், அமெரிக்காவில் அது பிளைண்டர்ஸ். மூன்றும் ஒரே பொருள்தான், மூன்று தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை. கடிவாள வாரைப் பொதுவாக ரெயின்ஸ் என்றாலும், அமெரிக்காவில் பாரக் குதிரைகள் ஓட்டுபவர்கள் லைன்ஸ் என்பார்கள். அதைக் 'கோடுகள்' என்று பெயர்த்துவிட்டால் வாக்கியமே செத்துப்போகும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'டக்' (tug) என்ற சொல். பிரிட்டனில் அது வண்டியின் ஏர்க்கால் நுழையும் தோல் வளையம், அமெரிக்கப் பண்ணைகளிலோ குதிரை வண்டியை இழுக்கும் நீண்ட வார். வளையம் அறுந்தால் ஏர்க்கால் சரியும். இழுக்கும் வார் அறுந்தால் வண்டி பின்தங்கும். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவதற்கு முன், பேசுகிற வண்டிக்காரர் எந்த நாட்டுக்காரர் என்றாவது பார்க்க வேண்டாமா?