கைத்துப்பாக்கி தானே தோட்டா ஏற்றுவது எப்படி?

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் விசையை இழுத்தால் குண்டு பாய்கிறது, வெற்று உறை வெளியே தெறிக்கிறது, தோட்டாக்களை அடுக்கிவைத்த மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறுகிறது. இத்தனைக்கும் ஆற்றல் தருவது எரிந்த வெடிமருந்துதான். ஆற்றலுக்குப் பஞ்சமில்லை, அதை எப்போது பயன்படுத்துவது என்பதே சிக்கல். 9 மி.மீ. தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 2,000 மடங்குக்கும் மேல். அது தணியுமுன் பித்தளை உறை பின்னால் நழுவினால் கிழிந்துவிடும். கொதிக்கும் வாயு சுடுபவர் பக்கமே பாயும். குண்டு குழலை விட்டு நீங்க ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. அதுவரை பின்பக்கம் மூடியிருந்தாக வேண்டும்.

எளிய வழி, பூட்டே இல்லாமல் எடையை நம்புவது. குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் மேற்கூடான ஸ்லைடு, குண்டைவிட 50 மடங்கு கனமென்றால், குண்டு 10 செ.மீ. ஓடும்போது ஸ்லைடு ஏறத்தாழ 2 மி.மீ.தான் பின்வாங்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்து பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தயாரித்த எம்1900 கைத்துப்பாக்கி இப்படித்தான் இயங்கியது. வால்தர் பிபிகேவும் இவ்வகையே. சிறிய தோட்டாக்களுக்கு இது போதும். வலிய தோட்டாவுக்கோ ஸ்லைடின் கனமும் ஏறிக்கொண்டே போகும்.

அதற்கு பிரௌனிங் கண்ட விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்ற கோல்ட் துப்பாக்கியில், குழலின் மேலுள்ள மேடுகள் ஸ்லைடின் உட்பள்ளங்களில் பொருந்தியிருக்கும். சுட்டதும் இரண்டும் பிணைந்தபடியே சில மி.மீ. பின்னால் வரும். அதற்குள் குண்டு போய்விடும். பிறகு குழலுக்கு அடியிலுள்ள சிறு இணைப்புத் துண்டு குழலின் பின்முனையைக் கீழே இழுக்க, மேடுகள் விலகும். குழல் நின்றுவிடும், ஸ்லைடு மட்டும் தொடர்ந்து ஓடி, உறையை எறிந்து, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை நிமிர்த்தி, ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் விரியும்போது புதுத் தோட்டா உள்ளே போகும், குழல் எழுந்து மீண்டும் பூட்டிக்கொள்ளும். மூடிவைப்பது பூட்டு என்பதால் ஸ்லைடை மிகக் கனமாக்கத் தேவையில்லை. கிளாக் உள்ளிட்ட இன்றைய பெரும்பாலான கைத்துப்பாக்கிகளிலும் குழல் இப்படியே சாய்கிறது. இணைப்புத் துண்டுக்குப் பதில் சரிவான வெட்டு ஒன்று குழலை இறக்குகிறது.

பெரெட்டா 92இல் குழல் சாயாது. தனிப் பூட்டுக்கட்டை ஒன்று கீழிறங்கும். லூகர் துப்பாக்கியில் முழங்கால்போல் மடியும் மூட்டு பின்பக்கத்தைப் பூட்டும்.

ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் பி7 வேறு பாதையில் சென்றது. அதில் குழலின் சிறு துளைவழி வரும் வாயு, ஸ்லைடோடு இணைந்த பிஸ்டனை முன்னோக்கித் தள்ளி, ஸ்லைடு பின்வாங்குவதைத் தாமதப்படுத்துகிறது. திறக்கப் பார்க்கும் வாயுவே காவலும் இருக்கிறது! குண்டு வெளியேறியதும் அழுத்தம் விழ, தடையும் தானே நீங்கும். ஆனால் அந்த வாயுவின் வெப்பம் துப்பாக்கியின் உடற்பகுதியில் இறங்குவதால், தொடர்ந்து சுட்டால் விசைக்கு மேலே கைவைக்க முடியாதபடி சூடேறும்.