சைலன்சரை மாற்றினால் ஸ்கூட்டர் ஏன் சீறுகிறது, சில சமயம் ஏன் திணறுகிறது?

டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் காது கிழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி இழுக்காது என்பதுதான் பலரும் எதிர்பார்க்காதது. புகை தடையில்லாமல் வெளியேறினால் வண்டி பறக்கும் என்ற கணக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கில் பாதியாவது பலிக்கும், இங்கே தலைகீழாகிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஓர் உறுப்பு. மற்ற வண்டிகளில் வால்வு செய்யும் வேலையில் ஒரு பகுதியை இங்கே அந்தத் தகரக் குழாய்தான் செய்கிறது. ஆகவே 'பெர்ஃபார்மன்ஸ் சைலன்சர்' வாங்குவது என்பது இன்ஜினின் குணத்தையே மாற்றும் வேலை. எது நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகை போக ஒரு வால்வு, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை வர ஒரு வால்வு. ஸ்கூட்டர்களில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்த வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் போர்ட் எனப்படும் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவற்றைத் திறந்து மூடும். இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கிறது, எரிந்த வாயு பீறிட்டு வெளியேறுகிறது. சற்றுப் பின்னால் டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் அறையில் காத்திருக்கும் புதுக் கலவை மேலே வருகிறது. சிக்கல், பிஸ்டன் திரும்பி ஏறும்போதுதான். டிரான்ஸ்ஃபர் போர்ட் முதலில் மூடிக்கொள்கிறது, எக்ஸாஸ்ட் போர்ட் கடைசியில். அந்த இடைவெளியில் புதுக் கலவை எரியாமலேயே வெளியே நழுவிவிடும். கார்புரேட்டர் வைத்த சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் கால் பங்கு கலவை இப்படி வீணாவது சகஜம். வண்டிக்குப் பின்னால் வரும் அந்த நீலப் புகையிலும் வாடையிலும் எரியாத பெட்ரோலும் உண்டு.

நழுவும் கலவையை யாராவது வாசலில் நின்று உள்ளே தள்ளிவிட்டால் எப்படி இருக்கும்? அதைச் செய்வது ஓர் அழுத்த அலை.

எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தவுடன் குழாய்க்குள் ஓர் அழுத்தத் துடிப்பு கிளம்புகிறது. வாயு மெதுவாகத்தான் நகர்கிறது. துடிப்போ ஒலியின் வேகத்தில் ஓடும். சூடான புகையில் அது நொடிக்குச் சுமார் 500 மீட்டர். இந்தத் துடிப்பு குழாயின் விட்டம் மாறும் இடத்துக்கு வரும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. குழாய் விரிந்தால் உறிஞ்சும் அலையாகத் திரும்பும். குழாய் குறுகினால் தள்ளும் அலையாகத் திரும்பும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று சொல்லப்படும் அந்த வயிறு பெருத்த குழாயின் ரகசியம் இவ்வளவுதான். முதலில் சிலிண்டரோடு சேரும் பெண்ட் பைப், பிறகு விரியும் கூம்பு, நடுவே வயிறு, பிறகு குறுகும் கூம்பு, கடைசியில் சன்னமான வால் குழாய். விரியும் கூம்பில் இருந்து வரும் உறிஞ்சல், டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் திறந்திருக்கும் நேரத்தில் சிலிண்டருக்கு வந்து, மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் பெண்ட் பைப்புக்குள் வந்துவிடுகிறது. அடுத்ததாகக் குறுகும் கூம்பில் இருந்து வரும் தள்ளல், எக்ஸாஸ்ட் போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து, அந்தக் கலவையைத் திரும்பவும் சிலிண்டருக்குள் திணிக்கிறது.

எல்லாமே நேரக் கணக்கு. ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான்: சரியான தருணத்தில் விரலால் தொட்டாலே உயரம் ஏறும், தவறான தருணத்தில் முழு பலத்தோடு தள்ளினாலும் நின்றுவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் 8000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 8000 முறை சுற்றுகிறது, எக்ஸாஸ்ட் போர்ட் ஒரு சுற்றின் 360 டிகிரியில் 180 டிகிரி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி செகண்ட், போர்ட் திறந்திருப்பது அதில் பாதி, அதாவது 3.75 மில்லி செகண்ட். அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். 500 மீட்டர் வேகத்தில் மொத்தப் பயணம் 1.87 மீட்டர், ஒரு வழிக்குச் சுமார் 94 சென்டிமீட்டர். பிஸ்டனில் இருந்து குறுகும் கூம்பின் நடுப்பகுதி வரை அவ்வளவு நீளம் வேண்டும். இதே இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்க வேண்டும் என்றால் அந்த நீளம் 1.25 மீட்டர் ஆகிவிடும். சின்னச் சக்கரம், தாழ்ந்த தளம் கொண்ட ஸ்கூட்டரில் அவ்வளவு நீளக் குழாயை எங்கே வைப்பது? நத்தை மாதிரி சுருட்டி இன்ஜினுக்கு அடியில் செருகத்தான் வேண்டும். ஸ்கூட்டர் சைலன்சர்களின் விசித்திரமான வடிவங்களுக்கு இதுதான் காரணம்.

இந்த வித்தையை முழுமையாக வசப்படுத்தியவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியின் ட்ஷோபாவ் ஊரில் இருந்த எம்இசட் நிறுவனத்தின் பந்தயப் பிரிவில், 1950களில், குறைந்த வசதிகளை வைத்துக்கொண்டு இதைச் சாதித்தார். 1961 வாக்கில் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைசக்தி தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்கு அன்றைக்கு அது நம்ப முடியாத அளவு. அதே ஆண்டு எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், உலகப் பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளின் பக்கம் தப்பிப் போனார். பின்பு சுசூகியில் சேர்ந்தார். காடனின் நுட்பமும் அவரோடு ஜப்பான் போனது. 1962இல் சுசூகியின் 50 சிசி வண்டியில் டெக்னர் உலகச் சாம்பியன். இன்று ஒரு மொபெட்டுக்கு விற்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பரிலும் இருப்பது அந்த நுட்பம்தான்.

சரி, சைலன்சருக்குச் சைலன்சர் எங்கே வித்தியாசப்படுகிறது? நீளம் எந்த ஆர்பிஎம் என்பதைத் தீர்மானிக்கிறது. கூம்புகளின் சரிவு, அந்த ஆர்பிஎம்மைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு உதவி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. செங்குத்தான கூம்பு பலமான, ஆனால் சட்டென்று முடிந்துவிடும் அலையைத் தரும். சாய்வான கூம்பின் அலை பலத்தில் குறைவு, ஆனால் நீண்டு நிற்கும். பந்தயக் குழாய் முதல் வகை. அதில் வண்டி 7000 வரை சோம்பிக் கிடந்துவிட்டுத் திடீரென்று பாயும். 10000ஐத் தாண்டியதும் அப்படியே படுத்துவிடும்.

கடைசியில் இருக்கும் அந்தச் சன்ன வால் குழாயை யாரும் கவனிப்பதில்லை. பொதுவாக அதன் விட்டம் பெண்ட் பைப் விட்டத்தில் 60 சதவீதத்துக்கு அருகில் இருக்கும். அகலமாக்கினால் சேம்பருக்குள் அழுத்தம் நிற்காது, பலம் குறையும். குறுக்கினால் ஒரு கட்டம் வரை பலம் ஏறும், அப்புறம் வெப்பம் வெளியேற வழியில்லாமல் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சத்தம் குறையட்டும் என்று வால் நுனியில் எதையாவது செருகுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சந்தையில் இருப்பவற்றைப் பெரும்பாலும் மூன்று ரகமாகப் பிரித்துவிடலாம். கம்பெனி கொடுக்கும் பெட்டி முதல் ரகம். உள்ளே தடுப்புச் சுவர்கள், சத்தம் குறைவு, குறைந்த ஆர்பிஎம்மில் நல்ல பிக்கப், மேலே போனால் மூச்சு முட்டும். ஐரோப்பாவின் 50 சிசி வண்டிகளுக்கு மணிக்கு 45 கிலோமீட்டர் வேக வரம்பு இருப்பதால், அவற்றின் பெண்ட் பைப்பில் வேண்டுமென்றே ஒரு வளையம் வைத்துக் குறுக்கியிருப்பார்கள், அல்லது முனை அடைத்த ஒரு பக்கக் குழாயை ஒட்டவைத்து அலையைக் குழப்பியிருப்பார்கள்.

இரண்டாவது, பெட்டி உருவத்தை விடாமல் உள்ளே மட்டும் மாற்றியவை. வெஸ்பா பிஎக்ஸுக்கு வரும் சீட்டோ பிளஸ், பிஜிஎம் பிக்பாக்ஸ், லாம்பிரெட்டாவுக்கு வரும் கிளப்மன் ரகக் குழாய்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. மூன்றாவது, முழு எக்ஸ்பான்ஷன் சேம்பர். யசூனி, லியோவின்ஸ், ஜியானெல்லி, டெக்னிகாஸ், பொலினி, மலோஸி என்று 50 சிசி ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்களுக்கு இதில் ஒரு பெரும் பட்டாளமே உண்டு. ஒரே கம்பெனி சாலைக்கும் பந்தயத்துக்கும் தனித்தனிக் குழாய் செய்வதால், பெயரை வைத்து எது மேல் என்று சொல்வதில் அர்த்தமில்லை. எந்தப் போர்ட் கோணத்துக்காக, எந்த ஆர்பிஎம்முக்காகச் செய்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் விளம்பரத்தில் பெரிதாக இருப்பது உச்ச குதிரைசக்தி எண் மட்டும். அது எப்படி ஏமாற்றும் என்று ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். அ என்ற குழாய் 8000இல் 16 குதிரைசக்தி தருகிறது, 5600இல் 6. ஆ என்ற குழாய் 7000இல் 13.5 தருகிறது, 5600இல் 10. கியர் வண்டியில் 8000 வரை முறுக்கிவிட்டு அடுத்த கியருக்கு மாற்றுகிறீர்கள். அந்த இரண்டு கியர்களுக்கு நடுவே 30 சதவீத இடைவெளி இருந்தால் இன்ஜின் நேராக 5600இல் போய் விழும். அங்கே அ குழாயிடம் இருப்பது 6 தான். மேடேறும்போது திரும்பக் கியரைக் குறைக்க வேண்டியதுதான். குறைத்தால் அலறும், கூட்டினால் அழும். உச்ச வேகத்தில்தான் பெரிய லாபமா என்றால் அதுவும் இல்லை. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனமடங்காக ஏறுகிறது. 13.5க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் உச்ச வேகத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம்தான் கூட்டும். நான் வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் ஆ.

ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் கதை மாறுகிறது. கியருக்குப் பதிலாக இருக்கும் வேரியேட்டர், வண்டியின் வேகம் ஏறினாலும் இன்ஜினை ஏறத்தாழ ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்திவைக்கும். ஆகவே குறுகிய எல்லையில் மட்டும் இழுக்கும் குழாய்கூட இங்கே ஒத்துப்போகும். ஒரு நிபந்தனை: வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்களின் எடையைக் குறைத்து, கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றி, இன்ஜினை அந்த எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 9000இல் வேலை செய்யும் குழாயை மாட்டிவிட்டு, 6500இல் நிறுத்தும் பழைய ரோலர்களை அப்படியே விட்டால், வண்டி கம்பெனிப் பெட்டியோடு ஓடியதைவிட மந்தமாக ஓடும். பழி குழாய் மேல் விழும்.

இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோவில் எடுத்த வரைபடங்களை ஒப்பிடும்போது இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது: வெப்பம். ஒலியின் வேகம் வாயுவின் தனி வெப்பநிலையின் (கெல்வினில் அளப்பது) வர்க்கமூலத்தைப் பொறுத்தது. குழாய்க்குள் சராசரி வெப்பம் 400 டிகிரி செல்சியஸில் இருந்து 500க்கு ஏறினால் அலையின் வேகம் 7 சதவீதம் கூடும். 8000இல் இருந்த உச்சம் 8500ஐத் தாண்டி நகரும். குளிர்ந்த குழாயோடு முதல் ஓட்டத்தையும், நாலைந்து ஓட்டம் ஓடிச் சூடேறிய குழாயோடு இரண்டாவதையும் எடுத்து ஒரே தாளில் போட்டால், ஒரே சைலன்சரே இரண்டு சைலன்சர் மாதிரித் தெரியும். அதேபோல, பல வருடக் கரி அப்பிக் கிடக்கும் பழைய பெட்டியைப் புத்தம்புதுக் குழாயோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை. பெட்டியைச் சுத்தம் செய்தாலே சில சமயம் போன பிக்கப் திரும்பிவிடும்.

போர்ட்களைத் தொடாத சாதாரண இன்ஜினுக்குப் பந்தயக் குழாய் வீண். போர்ட் 165 டிகிரி மட்டுமே திறக்கும் இன்ஜினில், 190 டிகிரிக்காக அளவெடுத்த குழாயின் அலை சரியாக வந்து சேரும் ஆர்பிஎம்மை அந்த இன்ஜின் எட்டவே எட்டாது. சிலிண்டர் மாற்றாதவர்களுக்கு என் ஓட்டு இரண்டாவது ரகத்துக்கே.

எதை மாட்டினாலும் கார்புரேட்டரைத் தொடாமல் விடக்கூடாது. புதுக் குழாய் அதிகக் காற்றை இழுக்கும். பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை முதலில் நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும், கூர்மையாகக்கூட இருக்கும். முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் போனதும் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு மூன்று அளவு பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்து வருவதே முறை. முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெள்ளையாக இருந்தால் மெலிவு, பழுப்பு சரி, ஈரக் கறுப்பு கலவை அதிகம்.

பொருத்தும்போது பெண்ட் பைப் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கக்கூடாது. அங்கே போகும் புகையோடு அலையின் பலமும் போய்விடும். வெஸ்பா, லாம்பிரெட்டாவில் இன்ஜினும் பின்சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், குழாயை இன்ஜினோடுதான் பிடிக்க வேண்டும், பாடியோடு அல்ல. பஞ்சர் ஆனால் குழாயைக் கழற்றாமல் சக்கரத்தை எடுக்க முடியுமா, ஸ்டாண்டில் இடிக்குமா, வளைவில் தரையைத் தொடுமா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மெல்லிய தகரக் குழாய் கணகணவென்று ஒலிக்கும். வால் பகுதியில் இருக்கும் பஞ்சு எண்ணெயில் ஊறிக் கட்டியானால் சத்தம் ஏறும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கம்பெனிப் பெட்டிக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்டர் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஓட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.