ஏற்றுமதிக்குப் பொது ஆய்வுக்கூடம்: 'டைஸ்' திட்டத்தில் யார் கேட்கலாம்?

மிளகாய் வத்தல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய வேண்டுமானால், ஒரு கிலோவில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு மொத்தம் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். மிளகாய்ப் பழத்தை வெறுந்தரையில் காயப்போட்டு, ராத்திரிப் பனியில் நனையவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நச்சு அதிலிருந்துதான் வருகிறது. வத்தல் நல்ல நிறமாகவே இருக்கும், கையில் அள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

அந்தக் கருவிகளை வாங்கி, படித்த ஆட்களை வைத்து நடத்துவது சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்தில் பொது ஆய்வுக்கூடம் இல்லையென்றால், கெடுபிடி குறைந்த சந்தைக்கே சரக்கு போகும், கிடைத்த விலைக்கு. எந்த நாட்டுக்கு விற்கிறோம் என்பதை விளைச்சல் மட்டுமா முடிவு செய்கிறது? அரசு ஊரில் எதைக் கட்டிவைத்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான்.

இந்தக் குறையை நிரப்பத்தான் மத்திய வணிகத் துறை 2017 ஏப்ரல் 1 அன்று 'டைஸ்' எனப்படும் ஏற்றுமதி உட்கட்டமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலங்களுக்கு இதற்காக நிதி தந்த பழைய 'அசைட்' திட்டத்துக்கு மத்திய உதவி 2015இல் நின்றுபோயிருந்தது.

தனி வியாபாரியோ விவசாயியோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. மத்திய, மாநில அரசு முகமைகள், ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில்கள், நறுமணப் பொருள் வாரியம் போன்ற வாரியங்கள், அங்கீகாரம் பெற்ற தலைமை வணிக அமைப்புகள் ஆகியவைதான் கேட்கலாம். ஆய்வுக்கூடம், குளிர்பதனக் கிடங்கு, உலர் துறைமுகம் (கடலோரம் இல்லாத ஊரில் ஏற்றுமதிச் சரக்கைக் கையாளும் இடம்), எல்லைச் சந்தை, சுங்க நிலையம் எல்லாம் இதில் வரும். என்னைக் கேட்டால் ஆய்வுக்கூடத்துக்குத்தான் முதலிடம். கிடங்கைத் தனியாரே கட்டிவிடுவார்கள்.

நடத்தும் அமைப்பு போடும் பங்குத்தொகைக்கு மேல் வழக்கமாக மானியம் போகாது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 80 சதவீதம் வரை உண்டு. ஒரு பணிக்கு உச்சவரம்பு 20 கோடி ரூபாய். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுக்கு ஒதுக்கியது 360 கோடி; இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது மிகக் குறைவு.

நெடுஞ்சாலை, மின்சாரம் போன்ற பொதுவான வேலைகளுக்கு, ஏற்றுமதியோடு அழுத்தமான தொடர்பைக் காட்டாவிட்டால் பணம் கிடைக்காது. ஜவுளி, மின்னணுப் பொருள் போன்று தனித் திட்டம் உள்ள துறைகளும் இதில் சேராது.

உங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம், திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பிறகு ஆண்டுக்கு எத்தனை டன் போகிறது, மாதிரிகளை எவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள், எத்தனை சரக்கு திரும்பி வந்தது என்ற கணக்கோடு வாரியத்தையோ மாநில அரசு முகமையையோ அணுகலாம்.